கூத்துக்கு ஆன்லைன் டிக்கெட்: எந்தக் கம்பெனியை நம்பலாம்?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்ன சங்கம் நடத்துகிறோம். எங்கள் ஊர்ப்பக்கம் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை டவுனில் வளர்கிற பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று ஒரு மண்டபம் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். 450 நாற்காலி போடலாம். டிக்கெட் 300 ரூபாய். ஆன்லைனில் விற்றுத் தர ஒரு கம்பெனி 3 சதவீதம் கமிஷன் கேட்கிறது, இன்னொன்று 5 சதவீதம். குறைவாகக் கேட்பவரிடமே கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: கூத்து நம் வடாற்காட்டில் ஊரே வரி போட்டு, ஊருக்கே இலவசமாக நடத்துகிற விஷயம். அதற்கு டிக்கெட்டா என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். தயங்காதீர்கள். முகவீணை ஊதுகிறவருக்கும் மத்தளம் அடிக்கிறவருக்கும், ராத்திரி முழுக்கக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்து ஆடுகிறவருக்கும் கௌரவமான தொகை போக வேண்டுமென்றால் அந்தப் பணம் எங்கிருந்தாவது வந்துதான் ஆக வேண்டும், பார்க்க வருகிறவர் கொடுத்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது கமிஷனுக்கு வருவோம். 450-ல் 350 டிக்கெட்டை ஆன்லைனில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ரூபாயில் 5 சதவீதம் 15 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு, ஆக 17 ரூபாய் 70 காசு. 3 சதவீதக்காரரிடம் இதே கணக்கு 10 ரூபாய் 62 காசு. வித்தியாசம் டிக்கெட்டுக்கு 7 ரூபாய் 8 காசு, 350 டிக்கெட்டுக்கு மொத்தம் 2,478 ரூபாய். சின்னத் தொகை இல்லைதான், சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கு அதில் அடங்கிவிடும். ஆனால் அதே நேரம் அந்தக் கம்பெனியின் கையில் இருக்கப்போகும் உங்கள் பணம் 1,05,000 ரூபாய். அது எந்தத் தேதியில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்று இரண்டு கம்பெனியிடமும் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் காட்பாடியில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் பொறுப்பு என்னிடம் இருந்தது. நானும் உங்களைப் போலவே கமிஷனை மட்டும்தான் பார்த்தேன். டிக்கெட் நன்றாகவே விற்றது. நிகழ்ச்சி முடிந்த ராத்திரி மைக்செட்காரர், நாற்காலி வாடகைக்காரர், சமையல்காரர் எல்லோரும் பாக்கிக்காக நிற்கிறார்கள், விற்ற பணமோ எங்களிடம் இல்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் செட்டில்மென்ட் என்பது ஒப்பந்தத்தின் அடியில் எங்கோ இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. அதற்கு மேல் வங்கிக் கணக்கின் பெயரும் சங்கத்தின் பெயரும் ஒரு எழுத்து ஒத்துப்போகவில்லை என்று இழுத்து, மூன்று வாரம் கழித்துத்தான் பணம் வந்தது. அந்த மூன்று வாரமும் என் சொந்தப் பணத்தையும் நண்பர்கள் கொடுத்த கைமாற்றையும் வைத்துத்தான் ஓட்டினோம். மைக்செட்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வேறு தெரு வழியாகப் போன நாட்கள் உண்டு.

நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் பணம் என்ற விதி கெட்ட விதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி நடக்காமல் போனால் வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப் பணம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிற விதி அது. உங்களுக்குத் தேவை அந்தத் தேதி முன்கூட்டியே தெரிவது, அவ்வளவுதான். தெரிந்தால் பந்தல்காரரிடமும் மண்டபத்திலும் அதற்கேற்ப நாள் சொல்லிப் பேசிக்கொள்ளலாம். ஆகவே இரண்டு கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள்: பணம் எத்தனை வேலை நாளில் வரும், பாதியாவது முன்னால் தருவீர்களா, நிகழ்ச்சி ரத்தானாலோ தள்ளிப்போனாலோ டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நீங்களா நாங்களா, அப்போது உங்கள் கமிஷனும் பேமெண்ட் கேட்வே (வாங்குபவர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கித் தருகிற சேவை) கட்டணமும் யார் தலையில்? போனில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள், பதில் எழுத்தில் வரட்டும். எழுதித் தரத் தயங்குகிற கம்பெனி ஒரு சதவீதத்துக்கே செய்து தருகிறேன் என்றாலும் எனக்கு வேண்டாம்.

கேட்வே கட்டணத்தையும் தனியாகக் கேளுங்கள். பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி என்று இருக்கும். 3 சதவீதம் என்று சொல்கிறவர் அதைச் சேர்க்காமல் சொல்லியிருக்கலாம், 5 சதவீதக்காரர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அப்படி இருந்தால் மேலே போட்ட 2,478 ரூபாய் வித்தியாசமே பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

அடுத்தது வாசல். டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் கோடை ஒரு முறை ஸ்கேன் செய்ததும் அது செல்லாததாகிவிட வேண்டும், அப்போதுதான் ஒரே டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினாலும் முதலில் வருகிற ஒருவர் மட்டும் உள்ளே போவார். இதற்கு ஸ்கேன் செய்கிற போனுக்கு நெட் வேண்டும். மண்டபத்துக்குள் சிக்னல் இழுக்கவில்லை என்றால் ஆஃப்லைனில் ஸ்கேன் செய்கிற வசதி ஆப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: இரண்டு வாசலில் இரண்டு போன், இரண்டுமே ஆஃப்லைன் என்றால் இங்கே ஸ்கேன் ஆனது அங்கே தெரியாது, ஒரே டிக்கெட் இரண்டு வாசலிலும் செல்லும். 450 பேருக்கு ஒரே வாசல் போதும், இரண்டு தம்பிகளை நிறுத்துங்கள், போனுக்கு ஒரு பவர் பேங்க் கொடுங்கள். வாங்கியவர்கள் பட்டியலை அன்று மத்தியானமே இறக்கி, பெயர் வரிசையில் பிரிண்ட் எடுத்து வாசல் மேஜையில் வையுங்கள். ஆப் படுத்துவிட்டாலும் அந்தத் தாள் இருந்தால் வேலை நடக்கும்.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக்கு வெளியே நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே போக முடியாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள். பெரிய கூட்டம், பெரிய ஏற்பாடு, அங்கேயே அப்படி. நீங்கள் 450 நாற்காலி என்றால் ஆன்லைனில் 350, கையில் அச்சடித்த புத்தகத்தில் 80, ஜமா என்கிற கூத்துக் குழுவின் குடும்பத்தார், பெரியவர்கள், விருந்தாளிகளுக்கு 20 என்று முதலிலேயே பிரித்து, ஆன்லைனில் 350-க்கு மேல் ஒரு டிக்கெட் கூட விற்காதபடி பூட்டிவிடுங்கள். நாற்காலி மிச்சம் இருந்தால் அன்று மாலை வாசலில் விற்றுக்கொள்ளலாம்.

வரி விஷயம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. இசை, நடனம், நாடகம் மாதிரியான நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, உங்கள் 300 அதற்குள் வந்துவிடுகிறது. கிராமியக் கலைஞர்கள் கூத்துக்கு வாங்கும் சம்பளத்துக்கும் ஒன்றரை லட்சம் வரை விலக்கு இருக்கிறது. கேளிக்கை வரி தனி. அது உள்ளாட்சிக்குப் போவது, தமிழ்நாட்டில் 2017-ல் வந்த சட்டம். அதைப் பற்றி மாநகராட்சி அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். அப்புறம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி: ஆன்லைன் தளம் வழியாக விற்றால் 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம் பிடிக்கிறார்கள், 1,05,000-க்கு 105 ரூபாய். ஆனால் பான் எண் கொடுக்காவிட்டால் 5 சதவீதம், அதாவது 5,250 ரூபாய். சங்கத்துக்குப் பான் இல்லை என்றால் இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள், சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் தொடங்குங்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயராக இருக்கட்டும், எனக்கு நடந்தது உங்களுக்கு வேண்டாம்.

கம்பெனி எது என்று கேட்டீர்கள். புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் மாதிரி பெரிய ஆப்களில் போட்டால், உங்களைத் தெரியாத ஆட்கள், வார இறுதியில் என்ன நடக்கிறது என்று தேடுகிற விஐடி மாணவர்கள், சிஎம்சி மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் கண்ணில் படும். டவுன்ஸ்கிரிப்ட் போன்றவற்றில் நீங்களே பக்கம் உருவாக்கி, நீங்களே லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறீர்கள். உங்கள் கூட்டம் பெரும்பாலும் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றுதான் இருக்கும் என நினைக்கிறேன், ஆகவே இரண்டாவது வகையே போதும். பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் போடுங்கள், கூத்து என்றால் என்ன என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதினால் வடக்கிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள்.

முடிவு செய்யும் முன் 10 ரூபாய்க்கு ஒரு பரிசோதனை டிக்கெட் உருவாக்கி, உங்கள் வீட்டில் ஒருவர் போனிலிருந்து வாங்கி, ரத்து செய்து, பணம் திரும்புகிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவர்கள் உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் நிகழ்ச்சி அந்த நேரத்தில்தான் நடக்கும், அப்போது எடுக்காத எண் இருந்து என்ன பயன்?

விடிய விடிய நடத்தப்போகிறீர்களா என்று எழுதவில்லை. திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, மூடிய மண்டபத்துக்குள் ஒலி உள்ளேயே நிற்குமானால் விதி வேறு. எப்படியானாலும் ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள், குடியாத்தத்துக்கும் ஆற்காட்டுக்கும் திரும்பிப் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்துத்தான் டிக்கெட் வாங்குவார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பழைய மாணவியர் சந்திப்பு, 120 பேர் வருவார்கள், ஆளுக்கு 400 ரூபாய். ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு யுபிஐ கியூஆர் போதாதா? எதற்குக் கமிஷன் கொடுக்க வேண்டும்?
— ஒரு ஆசிரியை, குடியாத்தம்

பதில்: போதும், டீச்சர். உங்கள் அளவுக்கு நானும் அதைத்தான் செய்வேன். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கு வங்கி உங்களிடம் எம்டிஆர் என்கிற பரிவர்த்தனைக் கட்டணம் பிடிப்பதில்லை, 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். பணமும் உடனே கணக்கில் விழுந்துவிடும்.

ஆனால் கமிஷனாகக் கொடுக்காததை உங்கள் நேரமாகக் கொடுப்பீர்கள். யார் பணம் போட்டார், யார் போடவில்லை என்று யாராவது ஒருவர் தினமும் ராத்திரி உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே நம்பாதீர்கள், பணம் போன மாதிரி படம் காட்டுகிற போலி ஆப்கள் இருக்கின்றன. ஃபார்மில் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கி ஸ்டேட்மென்டில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிக்கெட் எண் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று தோழிகளுக்கும் சேர்த்து 1,600 போடுவார், பெயரே எழுதாமல் 400 போடுவார், கணவர் கணக்கிலிருந்து போடுவார், இதெல்லாம் கட்டாயம் நடக்கும், அதற்கு ஃபார்மில் இடம் விடுங்கள்.

கியூஆர் உங்கள் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். 48,000 ரூபாய் உங்கள் சம்பளக் கணக்கில் கலந்துவிட்டால் நாளைக்குக் கணக்குக் கேட்பவருக்குப் பதில் சொல்வது கஷ்டம், நல்ல மனுஷிகள் இப்படித்தான் தேவையில்லாமல் பேச்சு வாங்குகிறார்கள். சங்கத்துக்கு ஒரு கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தெரியாமல் இரண்டு முறை பணம் போட்டுவிட்டேன், உடனே திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் முதலில் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை, பின் கேட்கிற திரை வந்தாலே உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஒரு இசை நிகழ்ச்சிக்கு 499 ரூபாய் என்று போட்டிருந்தது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 580 ஆகிவிட்டது. இது சரியா அண்ணா?
— ஒரு மாணவர், காட்பாடி

பதில்: அந்த 81 ரூபாய் என்னென்ன என்று பிரித்துப் பார்த்தீர்களா தம்பி? டிக்கெட் தளம் தன் சேவைக்குக் கன்வீனியன்ஸ் கட்டணம் வாங்கலாம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆனால் மொத்த விலை எவ்வளவு, அதில் எது எதற்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. நன்கொடை, காப்பீடு என்று எதையாவது முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பதும் கூடாது, டிக் போட வேண்டியது நீங்கள்தான்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு இணையத்தில் நடக்கும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. முதல் பக்கத்தில் குறைத்துக் காட்டிக் கடைசியில் சொட்டுச் சொட்டாக விலையை ஏற்றுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் போடுவது இன்னொன்று. இரண்டே டிக்கெட்தான் மிச்சம் என்று பொய் அவசரம் காட்டுவதும் அதில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லலாம்.

மேலே கூத்து கேள்விக்கு எழுதிய 500 ரூபாய் வரம்பு உங்களுக்கும் பொருந்தும். டிக்கெட்டின் 499 மேலேயே ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: மழையால் நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு மாதமாகிறது, பணம் வரவில்லை. நடத்தியவரைக் கேட்டால் டிக்கெட் கம்பெனியைக் கேள் என்கிறார், கம்பெனியைக் கேட்டால் நடத்தியவரைக் கேள் என்கிறது.
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம், ஐப்பசி கார்த்திகையில் நிகழ்ச்சி வைக்கிறவர் ரத்தானால் என்ன செய்வது என்று முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். நிகழ்ச்சியே நடக்காதபோது உங்கள் பணம் உங்களுக்கு வர வேண்டியது. யார் கொடுப்பது என்பது அவர்கள் இருவருக்குள் இருக்கிற ஒப்பந்தம், அதற்கு நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் யார் பெயருக்குப் போனது என்று உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் பாருங்கள். அது டிக்கெட் தளமாக இருந்தால் அவர்கள் குறைதீர் அலுவலருக்கு டிக்கெட் எண்ணோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், அது விதி. போனில் பேசியதை எல்லாம் விடுங்கள், அதற்குச் சாட்சி இல்லை. நடத்தியவருக்கும் அதே கடிதத்தின் நகல் போகட்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்கலாம், நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும்.

அப்படியும் வரவில்லையா? 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. ஒரு டிக்கெட் பணத்துக்கு வழக்கா என்று வீட்டில் சிரிப்பார்கள், இருந்தாலும் போடுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஆன்லைனில் மட்டுமே டிக்கெட் என்றால் அவர் மாதிரி ஆட்கள் கச்சேரிக்கே போகக் கூடாதா?
— ஒரு வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே போடுகிறேன். நூறு டிக்கெட்டில் பத்தையாவது தாளில் அச்சடித்து, எண் போட்டு, அடிக்கட்டையோடு ஒரு மளிகைக் கடையிலோ புத்தகக் கடையிலோ வையுங்கள். அந்தப் பத்தை ஆன்லைன் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், அவ்வளவுதான் வேலை.

உங்களுக்கு, அம்மா டிக்கெட்டை உங்கள் போனிலேயே வாங்குங்கள், வருபவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடுங்கள், அடையாள அட்டை கேட்டால் அவருடையதுதான் கேட்பார்கள். டிக்கெட்டைப் பிடிஎஃப்பாக இறக்கி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுங்கள், காசு கொஞ்சம் கூடினாலும் லேசர் பிரிண்டாக எடுங்கள், மை மங்கினால் ஸ்கேன் ஆகாது. பின்பக்கம் உங்கள் போன் எண்ணை எழுதி, அந்தக் கியூஆர் கோடு மடிப்பில் விழாமல் மடித்து அவர் பர்ஸில் வைத்துக் கொடுங்கள்.